பெரிய ரேசில் எந்தக் குதிரை? சீட்டு சொல்வதும் சொல்லாததும்

ஏப்ரல் வந்துவிட்டால் நுவரெலியா ரேஸ் பேச்சுத்தான். அது வருஷத்தில் ஒரு சீசன். ஆனால் டவுன் புக்கிக் கடைகளில் வெளிநாட்டு ரேசுக்கு வருஷம் முழுக்கப் பணம் கட்டலாம். சம்பளம் போட்ட மறுநாள் அங்கே நம்ம தோட்டத்து முகங்களையும் பார்க்கிறோம். கேட்டால், "சீட்டில் போட்டிருக்கு ஐயா, இந்தக் குதிரை நிச்சயம்" என்கிறார்கள். அதனால், குதிரைகளை எப்படிக் கணிக்கிறார்கள் என்பதை நாமும் தெரிந்துகொள்வோம்.

பிரான்சில் நடக்கும் ஆர்க் ரேஸை எடுத்துக்கொள்வோம். 1920இல் தொடங்கிய ரேஸ் இது. ஒக்டோபர் முதல் ஞாயிறு, பாரிஸ் லோங்ஷோம் மைதானத்தில், புல் தரையில் 2,400 மீட்டர் ஓட்டம்.

முதலில் பார்ப்பது சுமை. மூன்று வயது ஆண் குதிரைக்கு 56.5 கிலோ, அதற்கு மூத்ததுக்கு 59.5 கிலோ. பெண் குதிரைக்கு அதில் 1.5 கிலோ குறைவு. மூன்று கிலோ என்ன பெரிசா என்று ஆண்கள் கேட்கலாம். ஈரக் கொழுந்தை முதுகில் சுமந்து ஏற்றம் ஏறுகிற நம் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள்!

அடுத்தது தரை. ஒக்டோபரில் பாரிசில் மழை பெய்தால் புல் சேறாகிவிடும். காய்ந்த தரையில் பறக்கிற குதிரை அங்கே கால் புதைந்து திணறும். 2021இல் அப்படிப்பட்ட சேற்றுத் தரையில் டோர்குவாட்டர் டாசோ என்ற ஜெர்மன் குதிரை ஜெயித்தது. யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. அதன் விலை 1 ரூபாய்க்கு 72 ரூபாய்.

சரி, எல்லாம் தெரிந்த குதிரைக்கே கட்டினால்? எனேபிள் என்ற பெண் குதிரை 2017, 2018 இரண்டு வருஷமும் ஆர்க்கை ஜெயித்தது. 2019இல் மூன்றாவது தடவையும் அதுதான் என்று உலகமே சொன்னது. ஈரத் தரையில் கடைசி நேரத்தில் வால்ட்கைஸ்ட் அதைத் தாண்டிப் போனது. அந்த வால்ட்கைஸ்ட் முந்தின வருஷம் நாலாவதாக வந்த குதிரை. 2012இல் ஜப்பானின் ஓர்ஃபெவ்ருக்கும் இதே கதி. முன்னால் போய், முடிவுக் கோட்டருகே சோலெமியாவிடம் தோற்றது.

குதிரையைக் கணித்தவர்கள் மடையர்கள் அல்ல. எது நல்ல குதிரை என்று அவர்களால் சொல்ல முடியும். கடைக்காரர் வைத்த விலை நமக்குக் கட்டுமா என்பதைத்தான் சீட்டு சொல்லாது. இதை யாரும் விளக்குவதில்லை, ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஐந்து குதிரை ஓடுகிறது என்று வைப்போம். 1 ரூபாய்க்கு லாபம், முதல் குதிரைக்கு 2 ரூபாய், அடுத்ததுக்கு 3, பிறகு 4, 4, 5. எது ஜெயித்தாலும் கையில் 600 ரூபாய் வரவேண்டும் என்று ஐந்திலும் கட்டிப் பாருங்கள். 200, 150, 120, 120, 100. மொத்தம் 690 ரூபாய். எந்தக் குதிரை வந்தாலும் திரும்புவது 600தான். மிச்சம் 90 ரூபாய் குதிரை ஓடுவதற்கு முன்பே கடைக்குப் போய்விட்டது. குதிரை கூடக்கூட இந்தப் பங்கும் பெரும்பாலும் கூடும்; ஆர்க்கில் ஓடுவதோ பதினைந்து, இருபது.

அடுத்த முறை சீட்டு கையில் வந்தால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடப் போட்டுவிடும். கூட்டத் தெரியாதவர்கள் சீட்டோடு நம் நலன்புரி அறைக்கு வரலாம், சேர்ந்தே போடுவோம்.