குமாசியிலிருந்து வந்த பின்வரிசைக்காரன்

மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில் பின்னேரம் பந்து உருளத் தொடங்குமுன் ஒரு சண்டை நடக்கும். யார் முன்னுக்கு ஆடுவது என்பதில்தான் சண்டை. ரொனால்டோவின் ஏழாம் இலக்கமும் மெஸ்ஸியின் பத்தாம் இலக்கமும் போட்ட சட்டைகள் அணிக்கு நான்கைந்து தேறும். பின்னுக்கு நிற்கத்தான் ஆள் கிடையாது. கடைசியில் வயது குறைந்தவனையோ, உடம்பு பெருத்தவனையோ, சொன்னால் கேட்கிறவனையோ பிடித்து “நீ பின்னுக்கு நில்லு” என்று தள்ளிவிடுவார்கள். கோல் விழுந்தால் ஏச்சு முழுக்க அவனுக்கு. விழாவிட்டால் அவன் அங்கே நின்றதையே யாரும் கண்டுகொள்வதில்லை.

அந்த வேலையைச் செய்தே ஐரோப்பாவின் உச்சிக்கு ஏறியவர் சாமுவேல் ஒசேய் குஃபோர். கானா நாட்டுக்காரர். பெயர் மறந்துபோயிருந்தாலும் படத்தைக் காட்டினால் பலருக்கு ஞாபகம் வரும். 1999 மே 26, பார்சிலோனாவின் காம்ப் நூ மைதானம், சம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். ஆறாவது நிமிடத்தில் பாஸ்லர் அடித்த ப்ரீ கிக்கில் முன்னிலை பெற்ற பயர்ன் மியூனிச், தொண்ணூறு நிமிடமும் அதைக் காப்பாற்றிவிட்டது. பிறகு மத்தியஸ்தர் கூட்டிக்கொடுத்த சில நிமிடங்கள். பெக்கம் அடித்த முதல் கோர்ணரில் ஷெரிங்கம் சமப்படுத்தினார். அடுத்த கோர்ணரில் சோல்ஷார் இரண்டாவது கோலைப் போட்டார். கிண்ணம் மன்செஸ்டர் யுனைட்டட் பக்கம் போய்விட்டது. இலங்கையில் அப்போது விடியப்புறம் இரண்டரை மணி. விழித்திருந்து பார்த்தவர்கள், சிவப்பு அணி கொண்டாடிக்கொண்டிருக்க, ஒரு கறுப்பு இளைஞன் புல்தரையைக் கையால் ஓங்கி ஓங்கி அடித்து அழுததைக் கண்டிருப்பார்கள். மத்தியஸ்தர் கொலினா போய் அவரைத் தூக்கி நிறுத்தப் பார்த்தார். சம்பியன்ஸ் லீக் வரலாறு பேசும் எந்தக் காட்சித் தொகுப்பிலும் அந்தச் சில விநாடிகள் இன்றைக்கும் வந்துவிடும்.

அந்த ஒரு காட்சியை வைத்து குஃபோரை அளப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அன்றைக்கு அவருக்கு வயது 22. அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றைப் பார்த்தால்தான் ஒரு பின்கள வீரன் எப்படி உருவாகிறான் என்பது பிடிபடும்.

குஃபோர் 1976 செப்டெம்பர் 3ஆம் திகதி குமாசியில் பிறந்தார். அஷாந்தி மக்களின் பழைய தலைநகரம் அது. கடற்கரையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் சந்தை நகரம், கூடவே உதைபந்தாட்டப் பித்துப் பிடித்த நகரம். கானாவில் ‘கோல்ட்ஸ்’ என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. 12 வயதுக்குட்பட்டோர், 14 வயதுக்குட்பட்டோர், 17 வயதுக்குட்பட்டோர் என்று பிரித்துத் தெருவுக்குத் தெரு, பேட்டைக்குப் பேட்டை சிறுவர் அணிகள். அவற்றை நடத்துகிறவர்கள் பெரும் பணக்காரர்கள் இல்லை. பந்து மேல் ஆசையும் ஆள்களைத் திரட்டும் சாமர்த்தியமும் உள்ள அயலவர்கள். அந்த அணிகளுக்கு லீக் உண்டு. புழுதி மைதானம்தான், ஆனாலும் தொடர்ந்து ஆட்டம் இருக்கும். அந்த நாட்டு உதைபந்தாட்டத்தின் நாற்றுமேடை அதுதான்.

விளைச்சலும் சீக்கிரமே தெரிந்தது. 1991இல் இத்தாலியில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தைக் கானா வென்றது. அந்தக் குழுவில் குஃபோரும் இருந்தார், 15 வயதுகூட நிறையவில்லை. அடுத்த ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் கானா அவுஸ்திரேலியாவை வென்று வெண்கலம் எடுத்தது. ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் ஆபிரிக்க நாடொன்றுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. 16 வயது நிறையுமுன் கழுத்தில் ஒலிம்பிக் பதக்கம்! 1993இல் இளையோர் உலகக் கிண்ண இறுதியில் பிரேசிலிடம் தோல்வி. அதற்குள் இத்தாலியின் டொரினோ கழகம் அவரைத் தன் இளையோர் அணிக்குக் கூட்டிப் போயிருந்தது. அங்கிருந்து அதே 1993இல், பதினேழு வயதில், மியூனிச்சுக்கு மாறினார்.

போனவுடன் ஆடவிட்டார்கள் என்று நினைக்கக்கூடாது. ஐரோப்பியப் போட்டிகளில் ஓர் அணி மூன்று வெளிநாட்டவரையும், அந்த நாட்டிலேயே நெடுங்காலம் ஆடிய இருவரையும்தான் களமிறக்கலாம் என்று அப்போது விதி இருந்தது. 1995 டிசம்பரில் பொஸ்மன் வழக்குத் தீர்ப்பு வந்து அந்தக் கட்டை உடைத்தது. ஆனால் அதன் நேரடிப் பலன் ஐரோப்பிய ஒன்றியத்துக் குடிமக்களுக்குத்தான். ஆபிரிக்கப் பையன் ஒருவன் தன் இடத்தை இரு மடங்கு உழைத்தே எடுக்கவேண்டியிருந்தது. குஃபோரை 1995–96 பருவத்துக்கு இரண்டாம் நிலை லீக்கில் இருந்த நியூரம்பெர்க் கழகத்துக்கு இரவலாக அனுப்பினார்கள். அந்தப் பருவ முடிவில் நியூரம்பெர்க் புள்ளிகள் பறிக்கப்பட்டு மூன்றாம் நிலைக்கே இறங்கியது. வெளிநாட்டில் விளையாடப் போனவர்களின் கதையைப் பேசும்போது யாரும் இந்த மாதிரி வருடத்தைப் பேசுவதில்லை. எனக்கோ அவருடைய வாழ்க்கையில் கவனிக்கவேண்டிய வருடமே அதுதான் என்று தோன்றுகிறது. மியூனிச்சின் பெரிய பெயரை விட்டு, சரிந்துகொண்டிருந்த ஒரு கழகத்துக்குப் போய் ஆடிவிட்டுத் திரும்பிவந்தவர், அதன் பிறகு பயர்னின் பின்வரிசையில் ஊன்றி நின்றார்.

உயரம் 178 சென்ரிமீற்றர். நடுப் பின்களத்தில் நிற்பவருக்கு அது குறைவு. அந்தக் குறையைப் பாய்ச்சலாலும் வேகத்தாலும் ஈடுகட்டினார். எதிரணியின் முன்கள வீரன் எங்கே போனாலும் கூடவே போய் மறிக்கிற பழைய ஜேர்மன் பாணிக்கு அந்த வேகம் தேவைப்பட்டது. 38 வயது அணித் தோழர் மத்தேயஸ் நடுவில் நின்று ஆட்டத்தை வாசித்துக்கொண்டிருக்க, ஓடிப் பிடிக்கும் வேலை குஃபோர் போன்றவர்களுடையது.

1999இன் கணக்கு இரண்டு வருடத்தில் தீர்ந்தது. 2001 சம்பியன்ஸ் லீக் காலிறுதியில் அதே மன்செஸ்டர் யுனைட்டட்டை அங்கேயும் இங்கேயும் தோற்கடித்த பயர்ன், அரையிறுதியில் ரியல் மட்ரிட்டை வீழ்த்தியது. மே 23 அன்று மிலான் நகரில் வலென்சியாவுடன் இறுதி ஆட்டம். 1–1 என்று முடிந்து பெனால்டி உதைகளுக்குப் போனது. ஒலிவர் கான் மூன்றைத் தடுக்க, கிண்ணம் பயர்னுக்கு. நவம்பரில் டோக்கியோவில் ஐரோப்பிய சம்பியனும் தென் அமெரிக்க சம்பியனும் மோதும் கண்டங்களுக்கிடையிலான கிண்ணம். எதிரே ஆர்ஜென்டினாவின் பொக்கா ஜூனியர்ஸ். கோலின்றி மேலதிக நேரத்துக்குப் போன ஆட்டத்தில் 109ஆவது நிமிடம், கோல் வாசலில் நடந்த இழுபறிக்குள் காலை நீட்டிப் பந்தை உள்ளே தள்ளியவர் குஃபோர். ஆட்ட நாயகனும் அவரே. அந்த ஆண்டு பிபிசி நேயர்கள் அவரை ஆபிரிக்காவின் சிறந்த வீரராகத் தெரிவுசெய்தார்கள். ஆபிரிக்கச் சம்மேளனத்தின் விருதில் மட்டும் 1999இலும் 2001இலும் இரண்டாம் இடம். முதல் இடம் போனது கனுவுக்கும் எல் ஹாஜ் டியூஃபுக்கும். இருவரும் முன்கள வீரர்கள். ஆரையம்பதிப் பொடியன்களின் சண்டைக்கு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

ஆறு ஜேர்மன் லீக் பட்டங்கள், நான்கு ஜேர்மன் கிண்ணங்கள் என்று சேர்த்துக்கொண்டு 2005இல் ரோமா கழகத்துக்குப் போனார். அடுத்த ஆண்டு, ஜேர்மனி மண்ணிலேயே கானாவுக்கு முதல் உலகக் கிண்ணம். ஜூன் 12, ஹனோவர் நகரம், எதிரணி இத்தாலி. 1–0 என்று பின்தங்கியிருந்த கானாவுக்கு ஏழு நிமிடம் மீதி. குஃபோர் தன் கோல் காப்பாளருக்குத் திருப்பிக்கொடுத்த பந்து நீளம் போதாமல் நடுவிலே சோர்ந்தது. யக்குவின்டா ஓடிவந்து பறித்துக் கோலாக்கினார். அடுத்த ஆட்டத்தில் குஃபோர் களத்தில் இல்லை. அவர் இல்லாமலே கானா செக் குடியரசையும் அமெரிக்காவையும் வென்று இரண்டாம் சுற்றுக்குப் போனது. பன்னிரண்டு வருடம் ஐரோப்பாவின் முதல்தரக் கழகமொன்றில் நின்றவருக்கு உலகக் கிண்ணத்தில் கிடைத்தது அந்த ஓர் ஆட்டம்தான். முன்கள வீரன் பத்து வாய்ப்பைத் தவறவிட்டு ஒன்றைப் போட்டால் தோளில் தூக்குவார்கள். பின்னுக்கு நிற்பவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. பிறகு லிவோர்னோவுக்கும் அஜக்ஸுக்கும் இரவல், கடைசியாகச் சொந்த ஊரின் அஷாந்தி கொட்டோக்கோ கழகம், ஓய்வு.

பக்கத்து நாடான ஐவரி கோஸ்டில் பாதை வேறுமாதிரி. அபிஜான் நகரின் அசெக் மிமோசாஸ் கழகத்தில் பிரான்ஸ்காரர் ஜோன் மார்க் கீயு 1990களில் ஓர் அகடமி தொடங்கினார். பையன்களை வெறுங்காலோடு பழக்கினார், பந்து பாதத்தில் ஒட்டவேண்டும் என்பதற்காக. 1999இல் அந்த அகடமிப் பிள்ளைகளை வைத்தே அசெக் கழகம் துனிசியாவின் எஸ்பெரான்ஸை வென்று ஆபிரிக்க சூப்பர் கிண்ணத்தை எடுத்தது. அங்கே படித்து 2002இல் ஆர்சனலுக்குப் போனவர் கோலோ டூரே. அவரை நடுப் பின்களத்துக்கு மாற்றியவர் அங்கே அப்போது பயிற்றுநராக இருந்த வெங்கர். 2003–04 பருவத்தில் 38 லீக் ஆட்டங்களில் ஒன்றும் தோற்காத அணியின் நடு அரணாக நின்றார்.

இந்தக் கதைகளைக் கேட்டு ஒரு தகப்பன் மகனை ஐரோப்பாவுக்கு அனுப்ப நினைத்தால் முதலில் தெரிந்துகொள்ளவேண்டிய ஒன்று உண்டு. 2001இல் ஃபிஃபா விதியை மாற்றிவிட்டது. சில விதிவிலக்குகள் தவிர, 18 வயது நிறையாதவரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கழகத்துக்கு மாற்ற முடியாது. குஃபோர் போன வழி இன்றைக்கு அடைபட்ட வழி. அதை அடைத்ததற்குக் காரணமும் உண்டு. போலி முகவர்கள் காசை வாங்கிக்கொண்டு பையன்களைப் பாரிஸிலும் பிரசெல்ஸிலும் கொண்டுபோய் விட்டுவிட்டு மறைந்த சம்பவங்கள் ஏராளம். அப்படிக் கைவிடப்பட்டவர்களுக்காகவே கமரூனின் முன்னாள் வீரர் ஜோன் குளோட் எம்வூமின் 2000இல் ‘ஃபூட் சொலிடேர்’ என்ற அமைப்பைப் பாரிஸில் தொடங்கினார். மத்திய கிழக்குக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகளைக் கண்டு பழகிய மட்டக்களப்பாருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இலங்கை அணியில் இப்போது நடப்பது இதற்கு நேரெதிர்த் திசைப் பயணம். ஜேர்மனியில் பிறந்து வளர்ந்து, டைனமோ டிரெஸ்டன் கழகத்தில் பின்களம் ஆடிய குளோடியோ கம்மர்க்னெக்ட் இலங்கைச் சட்டை போட்டு ஆடுகிறார். புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்னும் சிலரும் வந்து சேர்ந்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அவர்களை வளர்த்தது அந்தந்த நாட்டுச் சிறுவர் லீக்குகள்.

நம் பக்கத்துப் பொடியன்கள் அதிகம் ஆடுவது பாடசாலைப் போட்டிகளும், யாராவது ஒருவரின் நினைவாக நடக்கும் விலகல் முறைச் சுற்றுப்போட்டிகளும். விலகல் முறை முன்கள வீரனுக்குத் தோதானது, ஒரு நல்ல உதை போதும், ஊர் பேசும். பின்களம் அப்படிப் படிகிற தொழிலில்லை. ஒரே ஆளோடு திரும்பத் திரும்ப மோதி, போன கிழமை எங்கே ஏமாந்தோம் என்று யோசித்து, இந்தக் கிழமை வேறு இடத்தில் நின்று பார்க்கவேண்டும். ஆரையம்பதி, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி என்று இந்தக் கரையோரத்தில் பத்துக் கழகங்கள் சேர்ந்து, மாரி மூன்று மாதத்தை விட்டுவிட்டு, 14 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சனிக்கிழமைகளில் ஒரு லீக் நடத்தினால் என்ன? இறுதிநாள் சோடனைக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவழிக்கும் காசைவிடப் பெரிதாக ஆகாது என்றே நினைக்கிறேன். பத்து அணிகள் இரண்டு சுற்று ஆடினால் ஒவ்வோர் அணிக்கும் 18 ஆட்டம். முதல் சனிக்கிழமை தோற்றவனுக்கும் இன்னும் 17 மிச்சம் இருக்கும்.