சீனியர் குழுவில் சேரவும் விலகவும்

மகாராஷ்டிராவின் கல்யாணிலும் உல்லாஸ்நகரிலும் கல்லூரி திறந்ததுமே முதலாண்டுப் பிள்ளைகளைத் தங்கள் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துக்கொள்ளும் சீனியர்கள் உண்டு. நோட்ஸ் தந்து, தேர்வுக்கு வழிகாட்டும் குழு என்றால் தாராளமாகச் சேருங்கள். ஆனால் ராத்திரி 12 மணிக்கு, "இப்பவே பாட்டுப் பாடி வாய்ஸ் மெசேஜ் அனுப்பு" என்று மிரட்டினால்? விலகியவரோடு யாரும் பேசக்கூடாது என்று ஒதுக்கிவைத்தால்? அது ராகிங்தான். பல்கலைக்கழக மானியக் குழு 2025-இல் இதைத் தெளிவாகவே அறிவித்தது.

1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் பொன் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்டதை நம் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன்பின் தமிழ்நாட்டில் 1997-இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது, மகாராஷ்டிராவில் 1999-இல். இங்கே மகாராஷ்டிராவில் 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். தண்டனை பெற்றவர் கல்லூரியிலிருந்து நீக்கப்படுவார். 5 ஆண்டுகளுக்கு வேறு எங்கும் சேர முடியாது. புகார் வந்த 7 நாளுக்குள் கல்லூரி முதல்வர் விசாரித்தாக வேண்டும். கண்டுகொள்ளாமல் விட்டால், அவரும் உடந்தை என்றே சட்டம் கொள்ளும்.

பெற்றோரே, "கொஞ்ச நாள்தானே, பொறுத்துப் போ" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். மிரட்டிய மெசேஜை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். கட்டணமில்லாத தேசிய உதவி எண் 24 மணி நேரமும் உண்டு: 1800-180-5522. மீண்டும் சொல்கிறோம், குறித்துக்கொள்ளுங்கள்: 1800-180-5522.