இரும்புக் கல்லா, நான்ஸ்டிக் கல்லா?

பாத்திரம் வாங்குவது சிறு காரியம் என்று சிலர் எண்ணலாம். ஆனால் அன்றாடம் அடுப்பில் ஏறும் பாத்திரம் குடும்பத்தின் ஆரோக்கியத்தையும் வரவு செலவையும் ஒருங்கே பாதிப்பதாகும். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் கடைவீதிகளில் வார்ப்பிரும்புத் தோசைக்கல்லும் நான்ஸ்டிக் கல்லும் அருகருகே விற்பனைக்கு உள்ளன. எது எந்த உபயோகத்திற்கு ஏற்றது என்பதை அங்கத்தினர்கள் அறிந்து வாங்குவது நலம்.

உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றிச் செய்வது வார்ப்பிரும்பு. அது மெதுவாகச் சூடேறும். ஏறிய சூட்டை நெடுநேரம் இழக்காது. மாவு ஊற்றியதும் கல் குளிர்ந்துவிடாமையால் தோசை நன்கு முறுகுகிறது.

நான்ஸ்டிக் கல் பெரும்பாலும் அலுமினியத்தின்மேல் டெஃப்லான் பூசப்பட்டது. இப்பொருளை 1938-இல் அமெரிக்க ரசாயன நிபுணர் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டறிந்தார். 1954-இல் பிரெஞ்சு எஞ்சினியர் மார்க் கிரெகுவார் அதைச் சமையல் பாத்திரத்தில் பதிய வைத்தார். இதில் எண்ணெய்ச் செலவு குறைவு, கழுவுவது எளிது, எடையும் குறைவு.

ஆனால் இப்பூச்சுக்கு அதிகச் சூடு ஆகாது. ஏறக்குறைய 260 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் அது கெடத் தொடங்கும். மேலும் சூடேறினால் எழும் புகை காய்ச்சல் போன்ற உபாதையைத் தரும். கூண்டில் வளர்க்கும் கிளி முதலிய பறவைகளைக் கொன்றுவிடவும் கூடும். வெறும் கல்லைப் பெருந்தீயில் சில நிமிஷம் வைத்தாலே இந்தச் சூடு உண்டாகலாம். விறகடுப்பின் தீயை அளவாக நிறுத்துவது அரிது. ஆகவே விறகெரிக்கும் வீடுகளுக்கு நான்ஸ்டிக் ஏற்றதன்று.

இப்பூச்சின் உற்பத்தியில் முன்பு பயன்பட்ட பி.எஃப்.ஓ.ஏ. என்னும் ரசாயனம், 2019-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின்கீழ் ஒழிக்கப்பட வேண்டியவற்றுள் சேர்க்கப்பட்டது. அது சேராத பாத்திரம் என்று அட்டையில் அச்சிட்டிருந்தாலும், சூட்டைப் பற்றிய எச்சரிக்கை மாறாது.

இரும்புக் கல்லில் வேறொரு நன்மையும் உண்டு. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்த சோகை இருந்தது. இரும்புப் பாத்திரத்தில் சமைத்த உணவில் சிறிது இரும்புச் சத்து சேர்கிறது. எத்தியோப்பியாவில் நடந்து 1999-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், இரும்புச் சட்டியில் சமைத்த உணவை உண்ட குழந்தைகளிடம் ரத்த சோகை குறைந்தது. எனினும் மருத்துவர் தரும் மாத்திரைக்கு இது ஈடாகாது. தலசீமியா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே இரும்புப் பாத்திரம் உபயோகிக்க வேண்டும்.

வார்ப்பிரும்பு வாங்கும்போது விரலால் தட்டிப் பாருங்கள். மணிபோல் ஒலித்தால் நல்லது. ஓசை மழுங்கினால் விரிசல் இருக்கக் கூடும். பாவுக்குக் கஞ்சியிட்டுப் பதப்படுத்துவதுபோல், புதுக் கல்லையும் பழக்க வேண்டும். வடித்த கஞ்சியில் ஊறவைத்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நல்லெண்ணெயை மெல்லியதாகத் தடவிச் சூடேற்றுக. இதைப் பன்முறை செய்தால் எண்ணெய் இறுகிக் கருமையான படலமாகும். தோசை வார்க்குமுன் அரிந்த வெங்காயத்தால் எண்ணெய் தேய்த்தால் மாவு ஒட்டாது. புளிக்குழம்பை மட்டும் இதில் வைக்கலாகாது. புளிப்பு படலத்தை அரித்து, உணவையும் கறுக்கச் செய்யும்.

பிரயாணத்திற்கு முறை வேறு. கண்காட்சிக்குத் துணி கொண்டு செல்லும் நெசவாளருக்கும், சமயபுரத்திற்கு நடந்து செல்லும் பக்தருக்கும் வார்ப்பிரும்பு சுமையாகும். கீழே விழுந்தால் உடையவும் கூடும். நான்ஸ்டிக் கல்லோ கரண்டிகளோடு மூட்டையில் உரசிக் கீறல் படும். மூன்று கல் கூட்டிய அடுப்பில் பூச்சு கருகும். ஆகவே தகட்டு இரும்பாலான கல்லே பிரயாணத்திற்குச் சிறந்தது. எடை குறைவு, உடையாது, பழக்கும் முறையும் ஒன்றே. ஈரமின்றித் துடைத்து எண்ணெய் தடவிக் கட்டினால் துருவேறாது.

எண்ணெயைக் குறைக்க வேண்டியவர்கள் வீட்டில் நான்ஸ்டிக் கல் ஒன்று வைத்துக்கொள்ளலாம். கேஸ் அடுப்பில் சிறுதீயும் மரக்கரண்டியும் அதற்கு அவசியம். பூச்சு உரிந்தபின் வேறு வாங்கித்தான் ஆக வேண்டும். தினசரி உபயோகத்திற்கு வார்ப்பிரும்பையே வாங்குக. துருவேறாமல் பேணினால், இன்று வாங்கும் கல் பேத்தியின் அடுப்பிலும் தோசை வார்க்கும்.