உங்களுக்குத் தெரியுமா? பாதி மூச்சில் ஒரு மலையேற்றம்

தூத்துக்குடிக் கடலில் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. கல்லின் கனத்தில் மூச்சடக்கி இறங்குவார்கள். 10 மீட்டர் ஆழத்திலேயே அழுத்தம் கரையில் உள்ளதைப்போல இரு மடங்கு. நெஞ்சுக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கிவிடும்.

லடாக்கின் கர்துங் லா கணவாய்க்கு சைக்கிள் மிதிப்பவர் பாடு இதற்கு நேர்மாறு. 5,359 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே ஏறக்குறைய பாதிதான். ஆக்சிஜன் விகிதம் என்னவோ அதே 21 சதவீதம்; ஆனால் ஒரு மூச்சுக்குக் கிடைப்பது பாதி. (ஊட்டியில்கூட அழுத்தம் கால்வாசிக்குக் கொஞ்சம்தான் குறைய இறங்கியிருக்கும்.) லேயிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் சாலை, 1,850 மீட்டர் ஏற்றம். கால் எவ்வளவு வலுவானாலும் சரி, லேயில் சில நாள் தங்கி உடம்பைப் பழக்காமல் கிளம்பினால் தலைவலியும் குமட்டலும் பாதி வழியில் மடக்கிவிடும்.

காற்று மெலிந்ததால் எதிர்ப்பும் குறைவு. ஏறும்போது அதனால் பெரிய லாபமில்லை. இறங்கும்போது வண்டி பிய்த்துக்கொண்டு போகும், பிரேக்கில் விரல் இருக்கட்டும்.

உச்சியில் எல்லோரும் படமெடுத்துக்கொண்ட பலகை 18,380 அடி என்றது. செயற்கைக்கோள் வழி அளந்தபோது கிடைத்தது சுமார் 17,582 அடி!