‘நூறு சதவீதம் புதுப்பிக்கத்தக்கது’: ஒரு வாக்கியத்தின் அரசியல்

இணைய நிறுவனங்களின் பெருமிதச் சொல்லாடலில் அடிக்கடி வரும் வாக்கியம் இது: ‘எங்கள் மின்சாரம் நூறு சதவீதம் புதுப்பிக்கத்தக்கது.’ இதைப் பொய் என்று தள்ளிவிடலாம். அதோடு நம் வேலையும் முடிந்துவிடும். இது எப்படி உண்மையாக ஆக்கப்படுகிறது என்று பார்ப்பதுதான் நமக்கு அவசியம்.

கூகுள் 2017இல் இந்த நூறை எட்டியது. தரவு மையங்களும் அலுவலகங்களும் ஓராண்டில் செலவழித்த யூனிட்டுகள் ஒருபக்கம். காற்றாலைகள், சூரிய மின்நிலையங்களோடு ஒப்பந்தம் போட்டு வாங்கிய யூனிட்டுகள் மறுபக்கம். ஆண்டு முடிவில் இரண்டும் சரிக்குச் சரி என்றால் நூறு சதவீதம். ‘சரிங்க, காத்தே வீசாத ராத்திரியில என்ன பண்ணுவான்?’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். பொதுக் கம்பியில் அப்போது எது ஓடுகிறதோ, நிலக்கரியோ எரிவாயுவோ, அதைத்தான் எடுப்பான். கம்பியில் ஓடும் மின்சாரத்துக்கு அடையாளம் கிடையாது. அடையாளத்தைத் தருவது காகிதம்: ஆயிரம் யூனிட்டுக்கு ஒரு சான்றிதழ். மின்சாரத்திலிருந்து பிரித்து இந்தச் சான்றிதழைத் தனியாகவும் விற்கலாம். குறிப்பான் குறிப்பீட்டை விட்டு விலகுவது இங்கே கோட்பாடு அல்ல, வியாபாரம்.

இதனால் பயனே இல்லை என்பதல்ல என் வாதம். இத்தகைய நீண்டகால ஒப்பந்தங்களை நம்பிப் புதிய காற்றாலைகள் எழுந்திருக்கின்றன. ஆண்டுக் கணக்கின் போதாமையைக் கூகுளே உணர்ந்து, 2030க்குள் ஒவ்வொரு மணிநேரமும் கார்பனற்ற மின்சாரம் என்ற இலக்கை 2020இல் அறிவித்தது. ஆனால் பசி இலக்கை முந்திக்கொண்டு ஓடுகிறது. 2023இல் அதன் வெளியேற்றம் 2019ஐவிட 48 சதவீதம் கூடியிருந்ததாக அதன் அறிக்கையே சொல்கிறது. 2024இல் உலகத் தரவு மையங்கள் சுமார் 41,500 கோடி யூனிட் செலவழித்தன என்பது சர்வதேச எரிசக்தி முகமையின் மதிப்பீடு.

இனி நம் பக்கத்துக்கு, அதாவது எதிர்ப்பின் பக்கத்துக்கு, வருவோம். அமெரிக்காவின் ஓரிகனில் பேஸ்புக் அமைத்த தரவு மையம் நிலக்கரியை நம்பிய மின்நிறுவனத்தோடு இணைந்திருந்ததை எதிர்த்து கிரீன்பீஸ் இயக்கம் நடத்தியது, பேஸ்புக்கிலேயே. 2011 டிசம்பரில் நிறுவனம் இறங்கிவந்தது. 2013இல் ஸ்வீடனின் லூலியோவில் திறந்த மையத்துக்கு லூலே ஆற்றின் நீர்மின்சாரம். கரியில்லை, புகையில்லை. வெற்றிதான்.

ஆனால் அந்த ஆற்றுக்கு ஒரு வரலாறு உண்டு. அதன் மேற்பகுதி கலைமான் மேய்க்கும் சாமி மக்களின் நிலம். தேசியப் பூங்காவாக 1909இல் காக்கப்பட்ட இடத்திலிருந்து ஏரிப் பகுதியை 1919இல் நாடாளுமன்றம் பிரித்து எடுத்தது, சுவோர்வா அணைக்காக. 1972க்குள் நான்கு முறை நீர்மட்டம் உயர்த்தப்பட்டது. ஒவ்வொரு முறையும் கரையோரக் குடியிருப்புகளும் மேய்ச்சல் நிலமும் தண்ணீருக்குள் போயின. இதையெல்லாம் பேஸ்புக் செய்யவில்லை. அரசு செய்து முடித்ததன் பலனைச் ‘சுத்தமானது’ என்ற பெயரில் அது வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான்.

கார்பன் கணக்கில் சாமி மக்களுக்குப் பத்தி இல்லை. புகையை மட்டும் அளக்கும் அளவுகோல் மூழ்கிய ஊரை அளக்காது. ஆகவே அடுத்தமுறை ‘நூறு சதவீதம்’ என்று யாராவது சொன்னால் இரண்டு கேள்வி கேட்போம்: எந்த மணிநேரத்தில்? யாருடைய நிலத்தில்? முதல் கேள்விக்கு நிறுவனங்களே பதில் தேடத் தொடங்கிவிட்டன. இரண்டாவதை நாம் கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கப்போவதில்லை.