உங்களுக்குத் தெரியுமா? செயலி பறந்தது, திரை ஊர்ந்தது

1992-இல் வெளிவந்த அமிகா 1200 கணினியில் மேகின்டாஷ் மென்பொருளையும் ஓட்டலாம். அதற்கு 'ஷேப்ஷிஃப்டர்' என்ற எமுலேட்டர் இருந்தது. அன்று இரு கணினிகளிலும் மோட்டோரோலா 68000 குடும்பச் செயலிகளே இருந்ததால், கட்டளைகளை மாற்றி எழுதும் வேலையே இல்லை. அப்படியானால் 14 மெகாஹெர்ட்ஸ் செயலிக்குப் பதில் 50 மெகாஹெர்ட்ஸ் ஆக்சிலரேட்டர் அட்டையைச் செருகினால் எல்லாமே பறக்க வேண்டுமே? பறக்கவில்லை. 256 வண்ணங்களில் மேகின்டாஷ் ஒரு புள்ளியை ஒரே பைட்டில் வைக்கிறது. அமிகாவோ அதன் எட்டு பிட்டுகளை எட்டுத் தனி அடுக்குகளில் பிரித்து வைக்கிறது. படம் மாறும்போதெல்லாம் இப்படிப் பிரித்து, தாய்ப்பலகையிலுள்ள 'சிப் ராம்' நினைவகத்தில் எழுத வேண்டும். அட்டை எவ்வளவு வேகமானாலும் அந்த நினைவகத்தின் வேகம் பழையதுதான்.

அட்டைக்குக் கொடுத்த காசு வீண்தானா என்றால், இல்லை. திரையைத் தொடாத கணக்கு வேலைகள் உண்மையிலேயே விரைவாக முடிந்தன. திரைக்கோ, மெகாஹெர்ட்ஸைவிட அட்டையில் எம்எம்யூ என்னும் நினைவக மேலாண்மை அலகு இருக்கிறதா என்பதே முக்கியம். இருந்தால், படத்தில் மாறிய பகுதியை மட்டும் கண்டுபிடித்துப் புதுப்பிக்கலாம். விலை குறைந்த 68இசி030 செயலிச் சில்லில் அந்த அலகு கிடையாது. மோட்டோரோலாவின் அந்தக் குடும்பத்திலேயே வேகமான 68060-ஐ வாங்கினால் என்ன? முந்தைய சில்லுகளில் இருந்த சில கட்டளைகளை மோட்டோரோலா அதில் நீக்கிவிட்டது. அவை வரும்போதெல்லாம் மென்பொருள் குறுக்கிட்டுச் செய்தாக வேண்டும். மேகின்டாஷைத் தயாரித்த ஆப்பிளும் 68060 வைத்த கணினியை வெளியிட்டதே இல்லை; எனவே மேகின்டாஷ் மென்பொருள் அந்தச் சில்லை மனதில் கொண்டு எழுதப்பட்டதல்ல. ஆகவே எமுலேட்டர் மந்தமானால், செயலியை மாற்றுமுன் அது எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்ப்பதே புத்திசாலித்தனம்.