பேசும் தொலைக்காட்சியும் பார்வை குன்றியோரும்

தொலைக்காட்சி கண்ணுக்கென்றே அமைந்த சாதனம், ஆகையால் கண்ணொளி இழந்தவருக்கு அதனால் ஆகவேண்டிய காரியம் ஒன்றுமில்லை என்று நம்மிற் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால் இலங்கையின் கிழக்கே கல்முனைக் கரையோரத்து வீடுகளில் மக்ரிபு தொழுகைக்குப் பிறகு ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியைச் சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டு கவனித்தால், செய்தியும் மார்க்கச் சொற்பொழிவும் நாடகமும் பெரும்பாலும் செவி வழியாகவே நம்முள் இறங்குகின்றன என்பதும், குசினியில் மீன் வெட்டிக்கொண்டே ஒரு தொடரையும் தவறவிடாத பெண்கள் அதைப் பார்ப்பதிலும் கேட்பதே அதிகம் என்பதும் விளங்கும். பார்வையற்றவர் தடுக்கி நிற்பது நிகழ்ச்சிக்குள் நுழைந்த பிறகு அன்று; அதைத் தேடிப் போகும் வழியிலேதான்.

அதே கரையோரத்து மருதமுனையில் என் உம்மம்மாவின் வீட்டில் பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டி ஒன்று இருந்தது. குளோக்கோமா என்னும் கண்ணழுத்த நோய் முதலில் பக்கப் பார்வையைத் தின்று, பிறகு மெல்ல மெல்ல நடுப்பார்வையையும் அவரிடமிருந்து பறித்துக்கொண்ட காலத்திலும், அந்தப் பெட்டியை ஆள்வதில் அவருக்கு யாதொரு சிரமமும் இருக்கவில்லை. அலைவரிசை மாற்றும் திருகை ஒவ்வொரு படியாகத் திருப்பும்போது 'கடக், கடக்' என்று எழும் ஓசையை எண்ணிக்கொண்டே, வேண்டிய இடத்தில் விரலை நிறுத்துவார். அந்தப் பெட்டி பழுதாகி, மெல்லிய புதுத் தொலைக்காட்சி சுவரில் ஏறிய அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அவருக்கோ அன்றோடு அந்த சுவாதீனம் பறிபோயிற்று. வரிசை வரிசையாகப் படங்கள், அவற்றின் கீழே எழுத்துகள், ஒரு பொத்தானை ஒரு முறை அதிகமாக அழுத்தினால் எங்கே வந்து நிற்கிறோம் என்றே தெரியாத ஊமைத் திரை. "இப்ப எதுல நிக்கிது மகன்?" என்று அவர் எங்களைக் கேட்டுக் கேட்டு, ஒரு கட்டத்தில் கேட்பதையே விட்டுவிட்டார். விட்டுவிட்டார் என்பதை நாங்கள் கவனிக்கவே நெடுநாள் ஆயிற்று என்பதை நினைக்க இன்றும் மனம் வருந்துகிறது.

பேசும் தொலைக்காட்சி என்பது அந்த ஊமைத் திரைக்குக் கொடுக்கப்பட்ட வாய். றிமோட்டின் அம்புப் பொத்தானை அழுத்தும்போது திரையில் எந்தப் பெயர்மீது வெளிச்சக்கட்டம் போய் நிற்கிறதோ, அந்தப் பெயரைப் பெட்டிக்குள் இருக்கும் மென்பொருள் எழுத்தாகப் பெற்று, இன்னொரு மென்பொருளிடம் ஒப்படைக்க, அது அதனைக் குரலாக்கி ஒலிபெருக்கியில் சொல்லிவிடுகிறது. அலைவரிசையின் பெயர், ஒலியின் அளவு, அடுத்து வரும் நிகழ்ச்சி, கடவுச்சொல்லுக்காக அழுத்தும் ஒவ்வோர் எழுத்து என்று யாவும் இவ்வாறே செவிக்கு வருகின்றன. கூகுள் நிறுவனத்தின் ஆண்ட்ராய்டு அமைப்பில் இயங்கும் தொலைக்காட்சிகளில் இதற்கு 'டாக்பேக்' என்று பெயர். புனேயில் பிறந்து, பதினான்காம் வயதில் இதே குளோக்கோமாவினால் பார்வையை இழந்து, பின்னர் கணினி விஞ்ஞானியாக உயர்ந்த டி. வி. இராமன் கூகுளில் தம் சகாக்களுடன் நடத்திய முயற்சியிலிருந்து 2009ஆம் ஆண்டளவில் கைத்தொலைபேசிக்கென முளைத்தது அது. சாம்சுங், எல்ஜி முதலிய நிறுவனங்கள் தத்தம் பெட்டிகளில் வேறு பெயர்களில் இதே வசதியை வைத்திருக்கின்றன. முற்றாகப் பார்வை போகாமல், மங்கலாகவேனும் தெரிபவர்களுக்கு எழுத்தைப் பெரிதாக்குவதும், கறுப்புப் பின்னணியில் எழுத்தைத் துலக்கமாக்குவதுமான வேறு சில ஏற்பாடுகளும் உள்ளன.

இந்த வசதி நம் கடைத்தெருவுக்கு வந்த கதை தூரதேசத்தில் தொடங்குகிறது. இங்கிலாந்தில் பார்வையற்றோருக்கான அரச தேசிய நிறுவனத்தின் துணையோடு, அலைவரிசைப் பட்டியலைப் பேசிக் காட்டும் பெட்டியொன்று 2010இல் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டில் அமெரிக்கா இயற்றிய சட்டமொன்றும், அதனையொட்டி 2016 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்த விதிகளும், தொலைக்காட்சியின் முக்கியமான கட்டுப்பாடுகளைப் பார்வையற்றவரும் கையாளும்படி அமைக்க வேண்டும் என்று உற்பத்தியாளர்களைப் பணித்தன. உலகெங்கும் ஒரே மென்பொருளை விற்கும் நிறுவனங்கள் அங்கே செய்த திருத்தம் இங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது. நம் நாட்டிலோ அங்கவீனர் உரிமைகளுக்கான சட்டம் 1996ஆம் ஆண்டிலேயே வந்தது. அவ்வுரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இலங்கை 2016இல் உறுதிசெய்தது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடோ, பார்ப்பதில் ஏதேனும் ஒரு வகைக் கஷ்டம் உடையவர்கள் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் என்று கணக்கிட்டது.

இத்தனை பேர் இருந்தும், நம் ஊர்க் கடைகளில் இந்த வசதியைப் பற்றி விசாரிப்பது எளிதாக இல்லை. உம்மம்மாவுக்காக ஒரு கடையில் நான் "பேசுற ரீவி இருக்கா?" என்று கேட்டபோது, அங்கு நின்ற இளைஞர் மிகுந்த உற்சாகத்தோடு றிமோட்டின் மைக் பொத்தானை அழுத்தி ஒரு படத்தின் பெயரைச் சொல்லிக் காட்டினார். நாம் பேசுவதைக் கேட்கும் பெட்டி வேறு, தான் பேசும் பெட்டி வேறு என்பதை இருவருமாக விளங்கிக்கொள்ளவே அரைமணி நேரம் சென்றது. பிழை அவருடையது மாத்திரம் என்று சொல்லமாட்டேன். கேட்க வருபவர்கள் அரிதாயிருக்கும்போது அவருக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? ஆகவே வாங்கப் போகிறவர், பெட்டி ஆண்ட்ராய்டு வகையினதாயின், றிமோட்டில் பின்செல்லும் பொத்தானையும் கீழம்புப் பொத்தானையும் ஒருசேரச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்துப் பார்க்கலாம். பெரும்பாலான மாதிரிகளில் குரல் அப்போதே எழும். எழாவிட்டால் 'அமைப்புகள்' என்ற பகுதிக்குள் 'அணுகல்தன்மை' என்ற இடத்தைத் தேட வேண்டும். அமேசான் நிறுவனத்தின் ஃபயர் கருவியில் பின்செல்லும் பொத்தானோடு பட்டியல் பொத்தானை அழுத்த வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ஒலியைக் கூட்டிக் குறைத்து, ஓர் அலைவரிசையைத் தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டே பணத்தை எண்ணிக் கொடுப்பது உசிதம்.

மொழி விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும். பெட்டி முதலில் ஆங்கிலத்திலேயே பேசும். ஆங்கிலம் அறியாத ஒரு மூதாட்டிக்கு அது ஊமைத் திரையிலும் மோசமான தொந்தரவு. கூகுளின் குரலாக்கியில் தமிழ்க் குரல் உண்டு. இணைய இணைப்பு இருந்தால் அதை இறக்கிக்கொள்ளலாம். ஆயினும் அந்தக் குரல் இந்தியத் தமிழ்க் குரல். நம் பெயர்களையும் ஊர்களையும் அது உச்சரிக்கும் விதம் முதலில் விநோதமாகத் தோன்றும். ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ்த் தலைப்பொன்றை ஆங்கிலக் குரல் வாசிக்கும்போது, அது எந்த நாடகம் என்று ஊகித்தறிய வேண்டியிருக்கும். பேச்சின் வேகத்தைக் குறைத்து வைத்தபோதுதான் உம்மம்மாவுக்கு அது சொல்வது பிடிபட்டது. இரண்டு வாரங்கள் கழிந்து, ஒரு நோன்பு இரவில் மக்காவின் தராவீஹ் தொழுகை நேரலையைத் தாமாகவே பிடித்துவிட்டு, உதவிக்கு எழுந்த என்னை, "நீ எழும்பாத மகன், அதுவே சொல்லுது" என்று இருக்கச் சொன்னார். வலக்கையின் பெருவிரல் கீழம்பின்மீது இருந்தது. குரல் ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல, அவருடைய உதடும் அதனோடு சேர்ந்து மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

வீட்டில் எல்லோரும் கூடியிருந்து பார்க்கும் பெட்டி என்பதால் சிறு மனத்தாங்கல்களும் உண்டாகும். குரலும் நிகழ்ச்சியும் ஒரே ஒலிபெருக்கியில் வருவதால் சிறுவர்கள் சினப்பார்கள். குறுக்குவழிப் பொத்தான்களை மறுபடி அழுத்தினால் குரல் அடங்கும் என்பதை அவர்களுக்கும் பழக்கிவிட்டால் தகராறு தீரும்.

ஆனால் இந்தக் குரலின் எல்லை எங்கே முடிகிறது என்பதை அறியாமல் வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். எழுத்தாக உள்ளதைத்தான் அது வாசிக்கும்; படமாக வருவதை வாசிக்காது. செய்மதி இணைப்புக்காக நாம் வைத்திருக்கும் தனிப்பெட்டி தன் பட்டியலையும் படமாகவே தொலைக்காட்சிக்கு அனுப்புவதால், அந்தப் பக்கத்துக்கு மாறியதும் பேசும் தொலைக்காட்சி மௌனமாகிவிடும். அங்கே உதவுவது பழைய உபாயம்தான்: றிமோட்டின் ஐந்தாம் இலக்கப் பொத்தான்மேல் தடவினால் தட்டுப்படும் சிறு புள்ளியை அடையாளமாகக் கொண்டு, வசந்தம் அலைவரிசைக்கு இந்த இலக்கம், சக்தி அலைவரிசைக்கு அந்த இலக்கம் என்று மனனம் செய்து அழுத்துவது. செயலிகளைச் செய்பவர்கள் பொத்தானுக்குப் பெயரிடாமல் படத்தை மட்டும் வைத்துவிட்டால், குரலும் 'பெயரிடப்படாத பொத்தான்' என்றே சொல்லித் திகைக்கும். காட்சியில் நடப்பதை இடைவெளிகளில் எடுத்துச் சொல்லும் ஒலி விவரணம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1990 முதற்கொண்டு வழங்கிவருகிறது; நம் வீடுகளில் அந்த வேலையைப் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளே செய்கிறார்கள்.

திரையின் அடியில் ஓடும் எழுத்துகளும் படமே. எங்களுக்கு இது சிறிய விஷயமன்று: 2004 டிசெம்பர் 26ஆம் திகதி சுனாமி அலை வந்து அள்ளிச் சென்ற கரை எங்களுடையது. 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்து, சுனாமி எச்சரிக்கை விடுக்கப்பட்ட பகற்பொழுதில், கரையோரத்து மக்கள் மேற்கு நோக்கி ஓடினார்கள். அப்படியான வேளையில் அவசரச் செய்தி எழுத்தாக மட்டும் அடியில் ஓடுமானால், பெட்டியின் முன்னே அமர்ந்திருக்கும் பார்வையற்றவருக்கு அது எட்டப்போவதில்லை. இதைத் திருத்தப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. செய்தி வாசிப்பவர் அதை ஒரு முறை வாய்விட்டு வாசித்தாலே போதும். "திரையில் தெரியும் இலக்கத்துக்கு அழையுங்கள்" என்பவர் அந்த இலக்கத்தையும் கூடவே சொல்லலாம். செவிக்காக நாடகமும் வர்ணனையும் செய்து, இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவையை வீடு வீடாகக் கேட்கவைத்தவர்களின் வழிவந்த ஒலிபரப்பாளர்களுக்கு இது கைவராத கலையல்ல.

உம்மம்மா இப்போது தொலைக்காட்சியைத் தாமே போடுகிறார், தாமே நிறுத்துகிறார். செய்தி நேரத்தில் மட்டும், அடியில் ஓடுவதை வாசிக்கச் சொல்லி யாராவது ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்திக்கொள்கிறார்.